சட்டைப்பைக்கு எது, காலை வேளைக்கு எது: நெஞ்சுவலிக்கான மூன்று நைட்ரேட்டுகள்

இதய நோயாளி இருக்கிற வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு நைட்ரேட் கண்ணில் படும். சில வீடுகளில் இரண்டு இருக்கும்: வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒன்று, தினமும் விழுங்க ஒன்று. நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் புழங்குவது மூன்று. நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட். கடையில் கேட்கிற பெயர்களில் சொன்னால் நைட்ரோகான்டின், சார்பிட்ரேட், மோனோட்ரேட். மூன்றும் உடம்புக்குள் போய்ச் செய்கிற வேலை ஒன்றுதான். ஆனாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சில நேரம் பயனிருக்காது, சில நேரம் ஆபத்தாகிவிடும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே கிடைத்தால் அது. இல்லையென்றால் நம் ஊர் வெயிலுக்கு டைநைட்ரேட் 5 மி.கி. மாத்திரை. தினசரித் தடுப்புக்கு மோனோநைட்ரேட். நைட்ரோகிளிசரினை விழுங்கும் மாத்திரையாகத் தருவதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. எந்த நோயாளிக்கு எது என்று முடிவு செய்வது டாக்டர்தான்; அவர் ஏன் அப்படி எழுதுகிறார் என்று புரிந்துகொள்ள உருகுநிலை, கல்லீரல், நேரம் என்ற மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலில் வேதியியல். உரக்கடையில் கிடைக்கிற பொட்டாசியம் நைட்ரேட்டும் நைட்ரேட்தான், வெடியுப்பு என்போமே, அது. ஆனால் அது உப்பு. தண்ணீரில் போட்டால் அயனியாகப் பிரிந்துவிடும். இதய மருந்துகள் அந்த இனம் இல்லை. ஓர் ஆல்கஹாலோடு நைட்ரிக் அமிலம் சேர்ந்து உருவாகிற எஸ்டர்கள் இவை. கார்பனில் ஆக்சிஜன், அந்த ஆக்சிஜனில் ஒரு நைட்ரஜன், அதில் மேலும் இரண்டு ஆக்சிஜன். இந்தத் தொங்கட்டான்தான் மருந்தின் உயிர்நாடி. மூன்று மருந்திலும் அது மாறுவதில்லை. எதில் தொங்குகிறது, எத்தனை தொங்குகிறது என்பதுதான் மாறுகிறது.

நைட்ரோகிளிசரினில் உடல் சின்னது, சுமை பெரியது. கிளிசரால் என்பது மூன்றே கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி. சோப்பு காய்ச்சும்போது மிஞ்சுகிற கிளிசரின் இதுதான். அந்த மூன்று கார்பனிலும் ஆளுக்கொரு நைட்ரேட். மொத்தத்தில் கார்பன் 3, ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 9. மூலக்கூறு எடை 227. கையளவு உடம்பில் இவ்வளவு ஆக்சிஜனை அடைத்து வைத்தால் என்ன ஆகும்? வெடிக்கும். 1847-இல் இத்தாலியின் தூரின் நகரில் இதை முதலில் தயாரித்த அஸ்கானியோ சொப்ரேரோ துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடுமையான தலைவலி வந்ததாக எழுதி வைத்தார். இருபது வருடம் கழித்து ஆல்பிரட் நோபல் இதை ஒருவகை மண்ணில் ஊறவைத்து டைனமைட் ஆக்கினார். அவருக்கே கடைசிக் காலத்தில் இதய நோய் வந்தது. டாக்டர்கள் எழுதித் தந்தது இதே நைட்ரோகிளிசரின். மக்கள் பயந்துவிடக் கூடாதென்று அதற்கு டிரைநைட்ரின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என நண்பருக்கு 1896-இல் எழுதிய கடிதத்தில் அவரே கிண்டல் செய்திருக்கிறார்.

மற்ற இரண்டின் உடல் ஐசோசார்பைடு. குளுக்கோஸிலிருந்து சார்பிட்டால் தயாரித்து, அதிலிருந்து இரண்டு நீர் மூலக்கூறுகளை உருவிவிட்டால் இது கிடைக்கும். இரண்டு ஐந்தணு வளையங்கள் ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டு, பாதி விரித்து வைத்த புத்தகம் மாதிரி நிற்கும். நைட்ரேட்டைத் தொங்கவிட இரண்டே இடம்தான் மிச்சம்: 2-ஆம் கார்பனில் புத்தகத்தின் வெளிப்பக்கமாக ஒன்று, 5-ஆம் கார்பனில் மடிப்பின் உள்பக்கமாக ஒன்று. இரண்டிலும் நைட்ரேட் இருந்தால் டைநைட்ரேட், மூலக்கூறு எடை 236. 5-ஆம் இடத்தில் மட்டும் இருந்தால் நாம் மாத்திரையாக விழுங்குகிற மோனோநைட்ரேட், எடை 191. இந்த 2, 5 கணக்கை நினைவில் வையுங்கள். தினசரி மாத்திரையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

“மாத்திரை வெடிக்குமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெடிக்காது. கலப்பில்லாத டைநைட்ரேட் தூள் வெடிக்கக்கூடியதுதான். அதனால்தான் மாத்திரைத் தொழிற்சாலைக்கே அது தனித்தூளாக வருவதில்லை. லாக்டோஸ் அல்லது மானிட்டாலோடு கலந்து, வீரியம் குறைத்துத்தான் வரும். உங்கள் கைக்கு வருகிற மாத்திரையில் சில மில்லிகிராம் மருந்து, மீதியெல்லாம் மாவும் சர்க்கரையும் மாதிரியான சரக்கு.

உள்ளே போய் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த எஸ்டர்கள் உடைந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாகச் செயல்படுகின்றன. அது இரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் ஒரு நொதியைத் தூண்ட, தசை தளர்ந்து குழாய் விரிகிறது. நைட்ரோகிளிசரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1977-இல் காட்டியவர் ஃபெரித் முராத். 1998-இன் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. ஆக, நோபலுக்குக் கொடுத்த மருந்து எப்படி வேலை செய்தது என்பதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பெயரிலேயே பரிசு. முக்கியமாக விரிவது தமனிகளைவிடச் சிரைகள். உடம்பின் இரத்தம் சிரைகளில் தேங்கிக்கொள்ள, இதயத்துக்குத் திரும்புகிற அளவு குறைகிறது, இதயத்தின் சுமை இறங்குகிறது, வலி தணிகிறது. “அடைப்பைக் கரைக்கிற மாத்திரை” என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எந்த நைட்ரேட்டும் எந்த அடைப்பையும் கரைப்பதில்லை.

வலி வந்த நேரத்துக்கு எது?

இங்கே போட்டி நைட்ரோகிளிசரினுக்கும் டைநைட்ரேட்டுக்கும். நாக்குக்கு அடியில் வைத்தால் மருந்து அங்குள்ள மெல்லிய தோல் வழியாக நேரே இரத்தத்துக்குப் போய்விடும். கல்லீரலுக்கு வேலையே இல்லை. நைட்ரோகிளிசரின் 1 முதல் 3 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், அரை மணி நேரம் போல நிற்கும். டைநைட்ரேட் ஓரிரு நிமிடம் தாமதமாகத் தொடங்கி ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை நிற்கும். புத்தகக் கணக்கில் வேகமானதே ஜெயிக்க வேண்டும். மேலை நாடுகளில் நைட்ரோகிளிசரின்தான் முதல் இடத்திலும் இருக்கிறது.

நம் ஊரில் கணக்கு மாறுவதற்குக் காரணம் உருகுநிலை. நைட்ரோகிளிசரின் 13, 14 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதாவது அறை வெப்பத்தில் அது எண்ணெய். எண்ணெய் மட்டுமல்ல, மெல்ல ஆவியாகிற எண்ணெய். மாத்திரைக்குள் அடைத்து வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து, பக்கத்திலிருக்கிற பிளாஸ்டிக்கிலும் பஞ்சிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் இதை ட்ரிப்பில் ஏற்றும்போது சாதாரண பிவிசி குழாயே மருந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இந்த மாத்திரை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் வருகிறது, அந்தக் குப்பியிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். திறந்து எட்டு வாரத்தில் மிச்சத்தைத் தூக்கிப்போடச் சொல்வது பிரிட்டனில் காலகாலமாக இருந்துவரும் அறிவுரை.

நாம் என்ன செய்கிறோம்? குப்பியிலிருந்து நாலு மாத்திரையை எடுத்துக் காகிதத்தில் மடித்து மணிபர்ஸில் வைக்கிறோம். உடம்புச் சூட்டில் நாள் முழுக்க இருக்கிறது. சித்திரை மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து வலி வருகிற நாளில் நாக்கில் வைப்பது வெறும் சர்க்கரைத் துண்டாகக்கூட இருக்கலாம்.

டைநைட்ரேட் திடப்பொருள். சுமார் 70 டிகிரியில்தான் உருகும். ஸ்ட்ரிப்பில் வருகிறது, ஒரு மாத்திரையைப் பிதுக்கினால் மற்றவை மூடியபடியே இருக்கும். சட்டைப்பைக்கு இதைவிட ஏற்றது கிடையாது. ஓரிரு நிமிட வேகத்தை விட்டுக்கொடுத்து, மாத்திரையில் மருந்து இருக்கிறது என்ற உறுதியை வாங்கிக்கொள்கிறோம். எனக்கு இது நியாயமான பேரமாகப் படுகிறது. பழனி படி ஏறுவதற்கு முன், மாப்பிள்ளை வீட்டு மூன்றாவது மாடிக்குப் போவதற்கு முன் என்று கால் மணி நேரம் முன்னதாகவே டாக்டர் வைக்கச் சொல்கிற ஆட்களுக்கும் நீண்டு நிற்கிற டைநைட்ரேட்தான் தோது.

அதே நீளம்தான் அதன் குறையும். பிபி ரொம்ப இறங்கிவிட்டால், தலைவலி மண்டையைப் பிளந்தால், நைட்ரோகிளிசரினில் அரை மணியில் விடுதலை. டைநைட்ரேட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்தாக வேண்டும்.

ஸ்ப்ரே இந்த இரண்டின் சிக்கலையும் ஓரளவு தீர்க்கிறது. மூடிய கலத்துக்குள் கரைசலாக இருப்பதால் நைட்ரோகிளிசரின் ஆவியாகிப் போவதில்லை; ஒரு அழுத்தலுக்கு 0.4 மி.கி. வருகிறது. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும். வலி வந்த பயத்தில் இன்னும் உலர்ந்துவிடும். அப்போது மாத்திரை கரையவே நேரமெடுக்கும். ஸ்ப்ரேக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆஸ்துமா பம்ப் மாதிரி உள்ளிழுக்கக் கூடாது, நாக்கிலோ அடியிலோ அடிக்க வேண்டும். விலை கூடுதல், சின்ன ஊர்க் கடைகளில் இருப்பும் கிடையாது. மற்றபடி நல்ல சாமான்.

எதை வைத்தாலும் உட்கார்ந்து வையுங்கள். நின்றபடி வைத்தால் பிபி இறங்கி விழுவதற்கு வழி. அப்புறம் நெஞ்சுவலியோடு தலைக்காயமும் சேரும். மாத்திரையை மெல்லவோ விழுங்கவோ வேண்டாம், தானாகக் கரையட்டும். ஒன்று வைத்து ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் 108-க்கு அடியுங்கள். இரண்டாவது, மூன்றாவது என்று வைத்துப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தவறு. நாக்கில் சுரீரென்றால்தான் நல்ல மாத்திரை என்கிற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். சுரீரென்று இல்லாமலே வேலை செய்கிற மாத்திரைகள் உண்டு.

இன்னொன்று. நெஞ்சுவலி என்றதும் யாருக்கானாலும் ஒரு சார்பிட்ரேட் வைத்துவிடச் சொல்லி வாட்ஸப்பில் செய்தி சுற்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பிபி உங்களுக்குத் தெரியுமா? இதயத்தின் வலது பக்கத்தைத் தாக்குகிற மாரடைப்பில், ஏற்கெனவே பிபி இறங்கியிருக்கிற நிலையில், இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறுகிற அயோர்ட்டா வால்வு வெகுவாகச் சுருங்கியவர்களிடம் இந்த ஒரு மாத்திரை நிலைமையை மோசமாக்கிவிடும். தனக்கென்று எழுதித் தரப்பட்டவர் வைத்துக்கொள்வது வேறு, அடுத்தவர் வாயில் நாம் வைப்பது வேறு.

தினமும் விழுங்குவதற்கு எது?

இங்கே கல்லீரல் நடுவில் வந்து நிற்கிறது. விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேராக அங்கேதான் போகும். நைட்ரோகிளிசரினை அது கிட்டத்தட்ட முழுதாகச் சிதைத்துவிடும். 0.5 மி.கி. நாக்குக்கு அடியில் போதும் என்கிற மருந்தை, விழுங்குவதற்கு 2.6, 6.4 மி.கி. என்று மெதுவாகக் கரையும் வடிவத்தில் தருவது இந்தச் சேதாரத்தை ஈடுகட்டத்தான். யாருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாத மருந்தைத் தினமும் விழுங்குவதைவிட, அதே நைட்ரோகிளிசரினைத் தோலில் ஒட்டும் பட்டையாக வைப்பது புத்திசாலித்தனம். கொழுப்பில் கரைகிற மூலக்கூறு என்பதால் தோலை எளிதாகக் கடக்கும்.

டைநைட்ரேட் விழுங்கினால் சராசரியாகக் கால் பங்குதான் மிஞ்சுகிறது. அதுவும் ஆளுக்கு ஆள் ஏகத்துக்கு மாறும். கல்லீரல் அதிலிருந்து ஒரு நைட்ரேட்டைக் கழற்றுகிறது. வெளிப்பக்கம் இருக்கிற 2-ஆம் இடத்து நைட்ரேட் சீக்கிரம் கழன்றுவிடுவதால், மிஞ்சுவதில் பெரும்பங்கு 5-ஆம் இடத்தில் நைட்ரேட் உள்ள மோனோநைட்ரேட். டைநைட்ரேட்டின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகிற நேரம், சுமார் ஒரு மணி. இந்த 5-மோனோநைட்ரேட்டுக்கு சுமார் 5 மணி நேரம். அப்படியானால் டைநைட்ரேட் விழுங்கியவருக்கு நாள் முழுக்க உழைத்ததில் பெரும்பங்கு இந்த மிச்சம்தான். சரி, மிச்சத்தையே நேரடியாக மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் என்ன? மோனோநைட்ரேட் பிறந்தது இந்த யோசனையில்தான். கல்லீரலின் முதல் வெட்டு இதன் மேல் விழுவதில்லை. விழுங்கியது ஏறக்குறைய அப்படியே இரத்தத்துக்கு வருகிறது. தண்ணீரில் நன்றாகக் கரைகிறது, சுமார் 90 டிகிரி வரை உருகாமல் நிற்கிறது, சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. தினசரி மருந்தாக இதற்குத்தான் என் ஓட்டு.

ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதில்தான் நம் ஊரில் பாதிப் பலன் வீணாகிறது. நைட்ரேட் இருபத்து நான்கு மணி நேரமும் இரத்தத்தில் இருந்தால் உடம்பு பழகிவிடும்; இரத்தக் குழாய் அதை மதிக்காது. டைனமைட் தொழிற்சாலைகளில் இது மருத்துவர்களுக்கு முன்பே தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலி, வாரம் போகப்போகத் தலைவலி மறைந்துவிடும், ஞாயிறு விடுப்பில் பழக்கம் கலைந்து மறுபடி திங்கட்கிழமை தலைவலி. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறிய நைட்ரோகிளிசரினின் வேலை அது. நோயாளிக்கும் தினமும் அப்படி ஒரு விடுப்பு வேண்டும்: பத்து, பன்னிரண்டு மணி நேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி. பெரும்பாலும் இரவு.

சாதாரண மோனோநைட்ரேட் 20 மி.கி. இரண்டு வேளை என்றால் காலை 8 மணிக்கு ஒன்று, ஏழு மணி நேரம் கழித்து மாலை 3 மணிக்கு ஒன்று. அதுதான் கணக்கு. ஆனால் சீட்டில் 1–0–1 என்று இருந்தால் நாம் எப்படிப் படிப்போம்? காலை டிபனுக்குப் பிறகு ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. பன்னிரண்டு மணி நேர இடைவெளி நேர்த்தியாகத்தான் தெரியும், மருந்து மட்டும் விடுப்பே எடுக்காது. கடையில் கவரின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து தருகிறவர்களும் இதையே செய்கிறார்கள். உங்கள் சீட்டில் அப்படி இருந்தால் நீங்களாக மாற்ற வேண்டாம், “இரண்டாவது மாத்திரையை எத்தனை மணிக்குப் போட வேண்டும்?” என்று டாக்டரிடம் மணிக்கணக்கில் கேளுங்கள். இரவில்தான் வலி அதிகம் என்கிறவர்களுக்கு அவர் வேறு கணக்குப் போட்டிருக்கவும் கூடும்.

இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் மெதுவாகக் கரையும் மோனோநைட்ரேட் 30 அல்லது 60 மி.கி. காலையில் ஒன்றே ஒன்று. பகல் முழுக்க வேலை செய்து இரவில் தானாக இறங்கிவிடும். மறதி இருக்கிற பெரியவர்களுக்கு இதுதான் வசதி. பொடிக்கக் கூடாது, கடிக்கக் கூடாது. டைநைட்ரேட்டையே தினசரி மருந்தாக எழுதினால் நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அதிலும் இரவு இடைவெளி வேண்டும். தோல் பட்டை என்றால் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் ஒட்டிவிட்டு இரவில் கழற்ற வேண்டும். குளிக்கும்போது உரிந்துவருவது, வியர்வையில் அரிப்பது என்று நம் தட்பவெப்பத்தில் அதற்கு வேறு பாடுகள்.

மோனோநைட்ரேட்டை அவசரத்துக்கு வைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உச்சத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்; மெதுவாகக் கரையும் வகை என்றால் இன்னும் தாமதம். இங்கே கடைக்காரரின் கத்தரிக்கோலும் ஒரு வில்லன். பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பில் நாலு வெட்டித் தரும்போது பெயரின் முன்பாதி அந்தப் பக்கம் போய்விடும், கையில் மிஞ்சுவது “...ட்ரேட்” என்ற வால் மட்டும். சார்பிட்ரேட்டுக்கும் மோனோட்ரேட்டுக்கும் அதே வால்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் பதற்றத்தில் எதை எடுப்பார்கள்? அவசர மாத்திரையை முழு ஸ்ட்ரிப்பாக வாங்கி, தனி டப்பாவில், தேதி எழுதி வையுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை.

டைநைட்ரேட் தினசரி மருந்தாக மோனோநைட்ரேட்டை வெல்கிற ஓரிடம் உண்டு: இதயத் தசை பலவீனமானவர்களின் சிகிச்சை. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகள் 1,050 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஏ-ஹெஃப்ட் ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு டைநைட்ரேட்டும், இரத்தக் குழாயை விரிக்கிற இன்னொரு மருந்தான ஹைட்ரலசினும் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு 43 சதவீதம் குறைந்தது. அந்தச் சான்று அந்த ஜோடிக்கு மட்டுமே சொந்தம். “இரண்டும் ஒன்றுதானே” என்று மோனோநைட்ரேட்டை அங்கே மாற்றிப் போடக் கூடாது.

சாதாரண நெஞ்சுவலிக்கு வந்தால், இவற்றில் எதுவும் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. மாரடைப்பு வந்து சேர்ந்த நோயாளிகளிடம் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகளில் (1994-இன் கிஸ்ஸி-3, 58,050 பேர் பங்கேற்று 1995-இல் வெளியான ஐசிஸ்-4) நைட்ரேட் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் இறப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. வலி குறையும், இன்னும் கொஞ்ச தூரம் நடக்க முடியும். அது சின்ன விஷயமல்ல. ஆனால் வலி குறைந்துவிட்டதென்று ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு நைட்ரேட்டை மட்டும் வைத்துக்கொள்வது தலைகீழ்க் கணக்கு.

தலைவலி மூன்றுக்கும் பொது. முதல் சில நாட்களில் அதிகம், பிறகு குறையும். டாக்டர் சரி என்றால் பாராசிட்டமால் போதும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமும் அதுதான் என்பதால், தலைவலி வந்த அன்றே மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கவுன்டரில் யாரும் கேட்காத, நோயாளியும் சொல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. ஆண்மைக் குறைவுக்கு எடுக்கிற சில்டெனாஃபில், தடலாஃபில் வகை மாத்திரைகளோடு எந்த நைட்ரேட்டும் சேரக் கூடாது. நைட்ரிக் ஆக்சைடு கிளப்பிவிடுகிற செய்தியை அடங்கவிடாமல் பிடித்து வைப்பவை அவை. இரண்டும் சேர்ந்தால் பிபி அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்து. சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும் தடலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கிடையாது. இது படுக்கையறை விவகாரம் மட்டுமல்ல. பிராஸ்டேட் வீக்கத்துக்குத் தினமும் தடலாஃபில் 5 மி.கி. சாப்பிடுகிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கு இதே மருந்துகளைச் சாப்பிடுகிற பெண்களும் இருக்கிறார்கள். சிறுநீரக டாக்டர் எழுதியது இதய டாக்டருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு சீட்டையும் ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் காட்டுங்கள். ஆம்புலன்சில் ஏறுகிற நிலை வந்தால் கூச்சப்படாமல் முதலில் சொல்ல வேண்டிய தகவல் இது, ஏனென்றால் அங்கே முதலில் கையில் எடுக்கிற மருந்துகளில் நைட்ரேட்டும் ஒன்று.